பார்த்தும் பாராமல்: டவுன் பஸ்ஸில் கண்ணுக்கு உள்ள மரியாதை

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் திரும்பும் சாயங்கால டவுன் பஸ். எனக்கு சீட் கிடைத்திருந்தது. பக்கத்தில் நின்றவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தார். அந்தக் கை என் முகத்துக்கு நேராக இருந்தது. நகக்கண்ணில் சிவப்பு, விரல் இடுக்கில் பச்சை, புறங்கையில் காய்ந்த சிமெண்டுத் தூள். ஆத்தங்குடிக் கல் செய்கிறவர் என்று பார்த்தவுடன் புரிந்துவிட்டது. அந்த வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கண்ணாடித் தகட்டின் மேல் பூ அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். மேலே சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கி, பிறகு தண்ணீரில் ஊறவைப்பார்கள். கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கம்தான் நம் வீட்டுத் தரையில் பளபளக்கிறது.

இதையெல்லாம் மனதுக்குள் ஓட்டியபடி அந்த நகங்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சட்டென்று அந்தக் கை மடங்கியது. விரல்கள் உள்ளே போயின, நகங்கள் மறைந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கெட்ட எண்ணம் எதுவும் எனக்கு இல்லை. வியந்துதான் பார்த்தேன். இருந்தும் அந்தக் கை மடங்கியது. என் பார்வை எந்த இடத்தில் எல்லை தாண்டியது? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் சமூகவியலில் உள்ள ஒரு கருத்து அறிமுகமானது. பஸ்ஸில், ரயிலில் சக பயணிகளைக் கவனிக்கப் பிடிக்கும் யாரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான் என்று நினைக்கிறேன். தினமும் நாம் எல்லோரும் செய்வதுதான். அதற்குப் பெயர் இருப்பது மட்டும் பலருக்குத் தெரியாது.

அந்தக் கருத்தைச் சொன்னவர் எர்விங் கோஃப்மன். கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சமூகவியலாளர் (1922–1982). பெரிய புரட்சிகளையும் அரசுகளையும் விட்டுவிட்டு, மனிதர்கள் எதிரெதிரே வரும்போது முகத்தையும் கண்ணையும் கையையும் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தவர். முன்பின் தெரியாத இருவர் பொது இடத்தில் ஒருவரையொருவர் நடத்தும் விதத்தை 1963இல் அவர் விவரித்தார். முதலில் ஒரு பார்வை: நீங்கள் இங்கே இருப்பது எனக்குத் தெரிகிறது என்று சொல்லும் அளவுக்கு. உடனே கண்ணை எடுத்துக்கொள்வது: உங்களைத் துருவிப் பார்க்கும் நோக்கமோ உங்களிடம் பயமோ எனக்கு இல்லை என்று சொல்லும் அளவுக்கு. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் அவர் சொன்ன நாகரிகம்; ஆங்கிலத்தில் ‘சிவில் இன்அட்டென்ஷன்’ (civil inattention) என்று அதற்குப் பெயர் வைத்தார். இரண்டில் ஒன்று குறைந்தாலும் எதிரே இருப்பவருக்கு உறுத்தும்.

தெருவில் எதிரெதிரே நடந்து வரும் இருவரைக் கொண்டு அவர் இதை விளக்குகிறார். சுமார் எட்டடி தூரம் வரை பார்த்துக்கொண்டு வருகிறார்கள். நெருங்கியதும் இருவருமே கண்ணைத் தாழ்த்திக் கடந்துபோகிறார்கள். இது எதிரெதிரே வரும் வண்டிகள் விளக்கை மங்கச் செய்வதைப் போன்றது என்கிறார். இரவில் திருப்பத்தூர் ரோட்டில் பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. எதிரே லாரி வருகிறது. தூரத்தில் இருக்கும்போது முழு வெளிச்சம். கிட்டே வந்ததும் நம் டிரைவர் டிம் செய்கிறார், அவரும் டிம் செய்கிறார். இருவருக்கும் அறிமுகம் கிடையாது, இனி பார்க்கப் போவதும் இல்லை. ஆனாலும் ஒருவர் கண்ணை ஒருவர் கூசவைக்காமல் வழிவிட்டுக்கொள்கிறார்கள். அன்று சாயங்காலம் நான் டிம் செய்யவில்லை. நடந்தது அதுதான்.

இதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று ரொம்ப நாள் யோசித்தேன். குறளில் ‘பொதுநோக்கு’ என்று ஒரு சொல் இருக்கிறது. குறிப்பறிதல் அதிகாரத்தில் வருகிறது. காதலர்கள் ஊரார் முன்னால் ஏதிலார் போல, அதாவது ஒருவரையொருவர் தெரியாதவர்கள் போல, பார்த்துக்கொள்வதைச் சொல்லும் இடம். அப்படியானால் தெரியாதவர்கள் பார்க்கும் பார்வைக்கு என்று ஒரு தனி அடையாளம் இருந்திருக்கிறது. அதைக் காதலர்கள் நடித்துக் காட்ட முடிந்திருக்கிறது. சிறப்பாக யாரையும் குறிவைக்காத, எல்லோர்மேலும் ஒரே மாதிரி படுகிற பார்வை. கோஃப்மன் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. இனி இந்தக் கட்டுரையில் பொதுநோக்கு என்றே எழுதுகிறேன்.

பஸ் வந்தபின் வந்த பழக்கம்

தெரியாதவர்களைப் பார்ப்பது ஆதிகாலத்திலிருந்து உள்ளதுதானே, இதில் என்ன புதுமை என்று கேட்கலாம். ஜெர்மானியச் சமூகவியலாளர் கேயோர்க் ஸிம்மல் 1908இலேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஸ்ஸும் ரயிலும் டிராமும் வரும்வரை, மனிதர்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் நிமிஷக் கணக்கிலும் மணிக்கணக்கிலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை வந்ததே இல்லை என்கிறார் அவர்.

எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. சந்தையில் தெரியாத ஆளைப் பார்த்தால் பேரம் பேசுவோம், அல்லது கடந்துபோவோம். திண்ணையில் வந்து உட்கார்ந்த வழிப்போக்கரிடம் ‘எந்த ஊருக்குப் போறீக?’ என்று கேட்காத வீடு கிடையாது. பஸ்ஸில் மட்டும்தான் முழங்கால் முழங்காலை இடிக்க உட்கார்ந்து, பேச வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லாமல், முக்கால் மணி நேரம் போகிறோம். கண்ணுக்கு வேறு வேலை இல்லை. அதனால் கண்ணுக்கு ஒரு ஒழுங்கு தேவைப்பட்டது.

நெருக்கம் கூடக்கூட இந்த ஒழுங்கு இறுகும். எட்வர்டு ஹால் என்ற மானுடவியலாளர் மனிதர்கள் தம்மைச் சுற்றி வைத்துக்கொள்ளும் இடைவெளியை அளந்து 1966இல் எழுதினார். அவர் கவனித்த அமெரிக்கர்களின் கணக்கில் சுமார் 45 சென்டிமீட்டருக்குள் வருபவர்கள் கணவன் மனைவி, குழந்தை போன்ற மிக நெருங்கியவர்கள். டவுன் பஸ்ஸில் ஒன்பது மணிக் கூட்டத்தில் அந்த 45 சென்டிமீட்டருக்குள் நான்கு பேர் நிற்கிறார்கள். நால்வரில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அப்போது உடம்பு என்ன செய்கிறது? பிரிட்டிஷ் உளவியலாளர் மைக்கேல் ஆர்கைலும் ஜேனட் டீனும் 1965இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். இருவருக்கிடையே ஒரு பக்கம் நெருக்கம் கூடினால், இன்னொரு பக்கம் அதைக் குறைத்து மனிதர்கள் சரிக்கட்டிக்கொள்கிறார்கள். உடம்பு அருகே வந்தால் கண் விலகும். நெரிசலில் எல்லோரும் கூரையையோ, டிக்கெட் விலைப் பட்டியலையோ, ஜன்னலுக்கு வெளியே போகும் பொட்டலையோ பார்ப்பதற்குக் காரணம் இதுதான். உடம்பால் தர முடியாத இடத்தைக் கண்ணால் தருகிறார்கள்.

முகப்போடு நிற்பது

நம் செட்டிநாட்டுப் பக்கத்து ஆளுக்கு இதை விளக்க வேண்டுமானால் நான் வீட்டைத்தான் காட்டுவேன். செட்டிநாட்டு வீட்டில் தெருவிலிருந்து ஏறியதும் திண்ணையும் முகப்பும். அதைத் தாண்டினால் வளவு, சுற்றிலும் அறைகள், நடுவில் வானம். அதையும் தாண்டி இரண்டாம் கட்டு, அடுப்படி. கணக்கு வழக்காக வந்தவர், கடிதம் கொண்டுவந்தவர், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவர் எல்லோரும் முகப்போடு நிற்பார்கள். தெருவில் நின்று பார்த்தால் நேர்கோட்டில் பின்வாசல் வரை தெரியும். கதவுகள் அப்படித்தான் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கின்றன. தெரிகிறது என்பதற்காக யாரும் நிலைப்படியில் நின்று உற்றுப் பார்ப்பதில்லை. ‘வாங்க’ என்று அழைத்தால்தான் வளவுக்குள் கால் வைப்பது.

ஆளும் அப்படித்தான். வேட்டி சட்டை, கையில் உள்ள பை, நெற்றியில் உள்ள திருநீறு, செருப்பில் ஒட்டிய செம்மண், இதெல்லாம் முகப்பு. எல்லோர் பார்வைக்கும் வைத்திருப்பது. நகக்கண்ணில் படிந்த சாயம், கிழிந்து தைத்த இடம், செல்போன் திரையில் ஓடும் எழுத்து, கண்ணோரத்து ஈரம், இவை வளவு. தெரியும், ஆனால் நமக்காக வைத்ததல்ல. ஆத்தங்குடிக்காரர் கையை மடக்கியபோது வளவின் கதவைச் சாத்தினார்.

இந்தப் பார்வை எல்லை நம்மிடம் சட்டமாகவும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளில் 2022 ஆகஸ்டில் ஒரு திருத்தம் வந்தது. பஸ்ஸில் பெண் பயணிகளை முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது, தகாத சைகை காட்டுவது ஆகியவை குற்றங்களாகச் சேர்க்கப்பட்டன. அப்படிச் செய்பவரைக் கண்டக்டர் கீழே இறக்கிவிடலாம், வழியில் உள்ள போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கலாம். வெறும் பார்வையையே விதியில் எழுத வேண்டி வந்தது என்றால், பொதுநோக்கு தவறும்போது யார் எவ்வளவு நாளாக அதைத் தாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபிறகு எங்கள் பஸ்ஸில் முன்பாதி காலையிலேயே நிரம்பிவிடுகிறது. பள்ளத்தூர் மகளிர் கல்லூரி மாணவிகள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும் அத்தைமார்கள். அவர்கள் ஜன்னலோரம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு போக முடிகிற பஸ்தான் பொதுநோக்கு உள்ள பஸ்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கண்ணை எடுத்துக்கொள்வது மட்டுமே பொதுநோக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் பார்வை இல்லாமல் கண்ணை எடுத்தால், அது அந்த மனிதரை இல்லாத ஆளாக நடத்துவது. மூன்று பேர் சீட்டில் ஒரு இடம் காலியாக இருக்கும். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரின் அழுக்குச் சட்டையை ஒரு ஓரக்கண்ணால் அளந்துவிட்டு, பார்க்காதவர் போலக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியும். அவர் இன்னும் கொஞ்சம் ஒடுங்கி உட்காருவார். இந்தப் பாராமுகத்துக்கும் நான் சொல்லும் பொதுநோக்குக்கும் உறவே கிடையாது.

இரண்டே கேள்வியில் உறவு கண்டுபிடிக்கும் ஊர்

இங்கே படிப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். நம் ஊரில் யார் பார்த்தும் பாராமல் இருக்கிறார்கள்? பஸ்ஸில் ஏறி உட்காருவதற்குள் ‘எங்கிட்டுப் போறீக?’ என்று கேட்டுவிடுவார்களே?

உண்மைதான். அதிலும் செட்டிநாட்டில் இது நுட்பமான கலை. நகரத்தார் ஆச்சிமார் இருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ‘எந்த ஊரு ஆச்சி?’ என்று ஒருவர் ஆரம்பிப்பார். அடுத்தது, ‘எந்தக் கோயிலு?’ இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணிக்கோயில், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோயில்கள். எந்தக் கோயில் என்று தெரிந்தால் பங்காளியா, சம்பந்தம் செய்யக்கூடியவர்களா என்று தெரிந்துவிடும். பிறகு வீட்டு விலாசம். அதற்குள் யாராவது ஒரு பெரியத்தாவோ மருமகப்பிள்ளையோ இருவருக்கும் பொதுவாக அகப்பட்டுவிடுவார். கோட்டையூரில் ஏறும்போது அந்நியர்கள், காரைக்குடியில் இறங்கும்போது ஒரே வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர்கள். மற்ற சமூகத்தாரிடமும் கேள்விகள் வேறுதானே தவிர, வழி இதே.

இதை வைத்து ‘பொதுநோக்கு மேல்நாட்டுச் சரக்கு, நமக்குப் பொருந்தாது’ என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு கேள்வியில் உறவு கண்டுபிடித்துவிட முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்த ஊரில், தினமும் பார்க்கும் ஒருவரிடம் அந்த முதல் கேள்வியைக் கேட்காமல் இருப்பது சும்மா நடப்பதில்லை. கேட்டுவிட்டால் ஊர் வரும், கோயில் வரும், சாதி வரும், சம்பளம் வரும், மகளுக்கு வரன் பார்த்தாச்சா என்பது வரும். காலை ஏழே முக்காலுக்கு அதையெல்லாம் தாங்கத் தெம்பில்லாத நாட்கள் எல்லோருக்கும் உண்டு. அதைப் புரிந்துகொண்டு விட்டுவிடுகிறார்கள். கேட்கத் தெரிந்தவர்கள் கேட்காமல் இருக்கும்போதுதான் அதற்கு மதிப்பு அதிகம்.

எது கேட்கலாம், எது கேட்கக் கூடாது என்பது இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1970களில் தன் மாணவர்களை நியூயார்க் சுரங்க ரயிலுக்கு அனுப்பினார். உட்கார்ந்திருக்கும் பயணியிடம் காரணம் எதுவும் சொல்லாமல், ‘உங்கள் சீட்டை எனக்குத் தர முடியுமா?’ என்று கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர்களில் பாதிக்கு மேல் எழுந்து இடம் கொடுத்தார்கள். கஷ்டப்பட்டது கேட்டவர்கள்தான். மில்கிராமே முயன்றபோது வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் பஸ்ஸில் ‘கொஞ்சம் தள்ளி உக்காருங்க’ என்று சொல்வதற்கு யாருக்கும் தொண்டை அடைக்காது. மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாகப் பாதி உட்கார்ந்து வருவது அன்றாடம்.

அதைவிட ஆச்சரியம் பை. நிற்கிறவர் கையில் உள்ள ஒயர் கூடையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வைத்துவிடுவார். சில நேரம் கேட்காமலே. உட்கார்ந்திருப்பவர் தானாகக் கை நீட்டி வாங்கிக்கொள்வதும் உண்டு. ஒருமுறை ஒரு அக்கா தன் ஒரு வயதுக் குழந்தையை எனக்கு முன்னால் இருந்த பெரியவரிடம் கொடுத்துவிட்டு, முன்னால் போய் நின்றுகொண்டார். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. குழந்தை அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தது. இறங்கும் இடம் வந்ததும் கையை நீட்டினார், குழந்தை கைமாறியது. ஒரு பேச்சு இல்லை. டிக்கெட் காசும் அப்படித்தான்: பின்னால் நிற்பவர் கொடுத்த இருபது ரூபாய் ஆறு கை மாறிக் கண்டக்டரிடம் போய், டிக்கெட்டும் சில்லறையும் அதே ஆறு கை வழியாகத் திரும்பி வரும். நடுவில் இருக்கும் ஆறு பேரும் அந்தக் காசை எண்ணிப் பார்ப்பதில்லை. கோஃப்மன் சொன்ன பார்வை ஒழுங்கு இங்கே கைக்கும் வந்துவிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முகப்பழக்கம்

ஒரே பஸ்ஸில், ஒரே நேரத்தில், மாதக்கணக்கில் போனால் பொதுநோக்கிலிருந்து இன்னொன்று முளைக்கும். மில்கிராம் 1972இல் இதைப் பற்றி எழுதினார். தினமும் பார்க்கிறோம், அடையாளம் தெரிகிறது, ஆனால் பேசியதே இல்லை. அப்படிப்பட்டவர்களை அவர் பழகிய அந்நியர்கள் என்ற பொருளில் அழைத்தார். நம்மிடம் இதற்குப் பழைய சொல்லே இருக்கிறது: முகப்பழக்கம். ‘அவரைத் தெரியுமா?’ என்றால், ‘முகப்பழக்கம்தான், பேசினதில்ல’ என்போமே, அதுவேதான்.

மில்கிராமின் மாணவர்கள் ரயில் நிலையத்தில் காலையில் வண்டிக்குக் காத்திருந்தவர்களைப் படம் எடுத்தார்கள். சில வாரம் கழித்து அதே நேரத்தில் போய், படத்தில் உள்ளவர்களில் யாரைத் தெரியும் என்று அங்கிருந்தவர்களிடம் கேட்டார்கள். பதில் தந்தவர்களில் 89.5 சதவீதம் பேருக்குப் பேசாமலே தெரிந்த முகம் ஒன்றாவது இருந்தது. சராசரியாக ஒருவருக்கு அப்படி நான்கு பேர்; பேசிப் பழகியவர்கள் ஒன்றரைப் பேர்தான். இந்த நான்கு பேரைப் பற்றி அவர் சொன்ன விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இதை உறவு இல்லாமை என்று எண்ணக் கூடாது. பேசாமல் இருப்போம் என்று இருவரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட உறவு என்கிறார். அதனால்தான் ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருந்துவிட்டால், பிறகு பேச ஆரம்பிப்பது முற்றிலும் புதிய ஆளிடம் பேசுவதைவிடக் கடினம்.

ஆனால் அவசரம் வந்தால் அந்த உறவு விழித்துக்கொள்ளும். புரூக்ளினில் தெருவில் மயங்கி விழுந்த ஒரு பெண்ணைப் பற்றி அவர் எழுதுகிறார். அதே தெருவில் வசித்த, ஆண்டுக்கணக்கில் முகம் மட்டும் தெரிந்த இன்னொரு பெண் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதோடு நிற்காமல், தானும் ஏறி ஆஸ்பத்திரி வரை போய், உடைமைகள் பத்திரமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார். இத்தனை வருஷம் பார்த்திருக்கிறேனே, எனக்கு ஒரு பொறுப்பு இருப்பதாகத் தோன்றியது என்றாராம்.

கவனிக்கத் தொடங்குவோருக்கு

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்றிரண்டு. முகத்தைவிடப் பொருளைப் பாருங்கள். பை நிறையச் சொல்லும். முகூர்த்த நாளில் நீளக் கரண்டியின் காம்பு சாக்குப்பையிலிருந்து எட்டிப் பார்த்தால் சமையல் மாஸ்டர் ஆட்கள் போகிறார்கள். பனையோலைக் கொட்டானை மடியில் வைத்திருக்கும் பாட்டியைப் பார்த்தால், அதைப் பின்னியவரா வாங்கியவரா என்று அவர் விரல்களைப் பார்க்கத் தோன்றும். அங்கேதான் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு ஸ்டாப்புக்கு ஒரு பார்வை போதும். மீதியை மனதில் வைத்து ஓட்டிப் பாருங்கள். கண் கண்ணைச் சந்தித்துவிட்டால் பதறித் திருப்பாமல், லேசாகத் தலையசைத்துவிட்டு மெதுவாக எடுங்கள். பதறித் திருப்பினால்தான் ஏதோ திருடியது போல ஆகிறது. நாம் ஊகித்தது ஊகம்தான் என்பதும் நினைவில் இருக்கட்டும். தினமும் ஃபைல் கட்டோடு ஏறுகிறவரை நான் ஒரு வருஷம் வக்கீல் குமாஸ்தா என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கட்டு அவிழ்ந்து விழுந்தது. எல்லாம் ஸ்கேன் ரிப்போர்ட்டுகள். பொறுக்கிக் கொடுத்தேன், எதையும் படிக்காமல்.

படம் மட்டும் எடுக்காதீர்கள். தூங்குகிறவரின் வாய் திறந்திருப்பதை, பாட்டியின் தண்டட்டியை, யாரோ இருவர் சண்டை போடுவதைப் போனில் எடுத்து ரீல்ஸ் போடுவது பெருகிவிட்டது. ஒரு கணத்தில் எடுத்துக்கொள்ள வேண்டிய பார்வையை ஆயிரம் பேருக்குக் கொடுத்து நிரந்தரமாக்குகிறோம். அது யாருக்கும் உரிமை இல்லாத செயல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

போனையே முகத்துக்கு முன்னால் வைத்துக்கொள்வது வேறு விஷயம், அதில் எனக்குக் குறையில்லை. முன்பு செய்தித்தாள் அந்த வேலையைச் செய்தது. மறைப்பாக ஒரு பொருளைப் பிடித்துக்கொள்வதைப் பற்றியும் கோஃப்மன் எழுதியிருக்கிறார். ஆனால் எங்கள் பஸ்ஸில் தினத்தந்தி அப்படி முழு மறைப்பாக இருந்ததில்லை. ‘அந்த நடுப்பக்கத்தக் குடுங்க’ என்று ஒருவர் கேட்க, நாலு தாளும் நாலு பேரிடம் போய், இறங்கும்போது வரிசை மாறித் திரும்பும். போனை அப்படிப் பிரித்துக் கொடுக்க முடியாது.

எப்போது பேசலாம்? சிகாகோவில் நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ரயிலில் பக்கத்தில் இருப்பவரோடு பேசினால் பயணம் கெட்டுவிடும் என்றுதான் பயணிகள் எதிர்பார்த்தார்கள். பேசச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள், தனியாக இருக்கச் சொல்லப்பட்டவர்களைவிடப் பயணம் இனிமையாக இருந்ததாகச் சொன்னார்கள். எனவே பேசலாம். மறுபக்கம் முகப்பிலேயே நிற்கிறதா, ‘வாங்க’ என்கிறதா என்று பார்த்துப் பேசலாம்.

எனக்கு முகப்பழக்கமான ஒருவர் இருக்கிறார். பள்ளத்தூரில் ஏறுவார். அறுபத்தைந்து வயதிருக்கும், வெள்ளை வேட்டி, மஞ்சப்பை, பைக்குள் எவர்சில்வர் டப்பாவின் சத்தம். மூன்று வருஷமாக, ஏறியதும் ஒருமுறை என்னைப் பார்ப்பார், நான் பார்ப்பேன், அவ்வளவுதான். போன வருஷம் இரண்டு வாரம் அவரைக் காணவில்லை. யாரிடம் கேட்பது? பெயர் தெரியாது. ஊர் பள்ளத்தூர்தானா, அங்கே வந்து ஏறுகிறாரா, அதுவும் தெரியாது. கண்டக்டரிடம், ‘அந்த மஞ்சப்பை ஐயாவக் காணோமேண்ணே’ என்றேன். ‘நானும் அதத்தான் நெனச்சேன்’ என்றார் அவர்.

அந்த மாதக் கடைசியில் ஒரு வேலையாகச் சென்னை போயிருந்தேன். திரும்புவதற்குப் பல்லவன் எக்ஸ்பிரஸுக்காக எழும்பூர் பிளாட்பாரத்தில் நிற்கிறேன், பத்தடி தள்ளி அதே மஞ்சப்பை. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். மில்கிராம் இதையும் சொல்லியிருக்கிறார்: வழக்கமான இடத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிச் சந்திக்கிறோமோ அவ்வளவு பேசத் தோன்றும் என்று.

“தம்பி, நீங்க நம்ம கானாடுகாத்தான் பஸ்ல வர்றவுகதானே?”

“ஆமாங்கய்யா. ரெண்டு வாரமா உங்களக் காணோமேன்னு பாத்தேன்.”

“மகளுக்குப் பிரசவம். பேத்தி பொறந்துருக்கா. அதான் இங்கிட்டு வந்துட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “பாத்தீகளா நீங்க? காணோம்னு?” என்றார்.

வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. டப்பாவைத் திறந்து இரண்டு சீப்புச் சீடை கொடுத்தார். காரைக்குடி பக்கத்தில் எங்கே வேலை என்று நான் கேட்கவில்லை, அவரும் என்னைக் கேட்கவில்லை. பேத்தியின் எடையைச் சொன்னார். கோச் வேறு என்பதால் வண்டியில் பிரிந்துவிட்டோம்.

அடுத்த திங்கட்கிழமை பள்ளத்தூரில் பஸ் நின்றது. அவர் ஏறினார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், நானும் அசைத்தேன். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். கோட்டையூர் வரை அவர் முன்பக்கக் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார், நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.